விவசாய பீடங்கள் மண் தேடிய கதை

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை விவசாயம் படிக்க விரும்பினால், கொழும்பில் இருக்கும் பெற்றோருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்: மருத்துவம், சட்டம், முகாமைத்துவம் எல்லாம் இங்கேயே இருக்கும்போது, விவசாய பீடத்துக்கு மட்டும் ஏன் பேராதனை, கிளிநொச்சி, வந்தாறுமூலை, மாப்பலான, மாக்கந்துர, பெலிஹுல்ஓயா என்று ஊரூராகப் போகவேண்டியிருக்கிறது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சொந்த விவசாயத் தொழில்நுட்ப நிறுவகமே அம்பாந்தோட்டை மாவட்டத்து வெலிகத்தவில்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் விவசாயக் கல்வி கொழும்பில் கால் வைத்துப் பார்க்காமல் இல்லை. இரண்டு முறை வைத்தது. இரண்டு முறையும் உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. அந்த நகர்வைப் புரிந்துகொண்டால், ஒரு விவசாய வளாகம் எதனால் ஆனது என்பதும் புரிந்துவிடும். கட்டடம் இரண்டு வருடத்தில் எழும்பும். பரிசோதனைக்கு நம்பத்தக்க வயல் உருவாகப் பத்து வருடம் பிடிக்கும். வரலாறு எழுதுகிறவர்கள் திறப்பு விழாக்களையும் அடிக்கல்களையும் வரிசைப்படுத்துகிறார்கள். வயலின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. அது பெரிய குறை.

முதல் முயற்சி கொம்பனித்தெருவில். 1810இல் தாவரவியலாளர் சேர் ஜோசப் பாங்ஸின் ஆலோசனைப்படி ஆங்கிலேயர் அங்கே ஒரு தாவரத் தோட்டம் தொடங்கி, லண்டன் தோட்டத்தின் நினைவாக 'கியூ' என்று பெயர் வைத்தார்கள். கொம்பனித்தெருவில் கியூ வீதி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பேரை வாவிக்கு அருகே, தாழ்ந்த நிலம். பெரிய அளவில் பயிர் வைத்துப் பார்க்க அது இடம் கொடுக்கவில்லை. 1813இல் களுத்துறைப் பக்கம் உகல்பொடவுக்குப் போனார்கள். அங்கிருந்து 1821இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடும் பேராதனை நிலத்துக்கு. பதினொரு வருடத்தில் மூன்று இடம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒரு பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்: ஒரே தோட்டத்தில் எல்லாப் பயிரையும் சோதிக்க முடியாது. மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத்துக்குக் குளிர் வேண்டும், ஆகவே 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல. இறப்பருக்குத் தாழ்நிலச் சூடும் மழையும் வேண்டும், ஆகவே 1876இல் கம்பஹா ஹெனரத்கொட. ஆசியாவில் இறப்பர் வேரூன்றிய ஆரம்ப இடங்களில் ஹெனரத்கொட ஒன்று. பயிரை நிலத்துக்கு இழுத்து வராமல், பயிருக்கேற்ற நிலத்தைத் தேடிப் போன முடிவுகள் இவை. பின்னாளில் பல்கலைக்கழகங்களும் இதே வழியில்தான் போகவேண்டி வந்தது.

1869இல் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கு வந்து, சுமார் இரண்டு வருடம் தங்கி அந்தப் பங்கசைப் படித்தார். வித்திகள் காற்றில் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலை மலையாக நட்டதே நோய்க்குப் பாதை போட்டதையும் எடுத்துச் சொன்னார். கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் நோயைப் படிக்கிறவன் பயிர் நிற்கும் இடத்திலேயே பருவம் பருவமாக இருக்கவேண்டும் என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இரண்டாவது கொழும்பு முயற்சி 1884இல் தொடங்கிய விவசாயப் பாடசாலை. ஆசிரியர்களை உருவாக்குவதும், கிராமங்களுக்குப் புதிய முறைகளைக் கொண்டுபோவதும் நோக்கம். அதுவும் கொழும்பில் நிலைக்கவில்லை. வடக்கே, கடலுக்கு அப்பாலும் ஏறக்குறைய இதே கதைதான்: சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய விவசாயப் பாடசாலை 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. தலைநகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், பணம் கிடைக்கும் என்று தொடங்குவார்கள். பிறகு நிலம் போதாமல் போகும். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை ஒரு நூற்றாண்டைக் கடந்து நடக்கிறது. சைதாப்பேட்டையில் அப்படி ஒன்று நிலைத்திருக்குமா? நகரம் அந்த வயலை எப்போதோ விழுங்கியிருக்கும்.

இங்கே 1904இல் இலங்கை விவசாயச் சங்கமும், 1912இல் விவசாயத் திணைக்களமும் வந்தன. திணைக்களத்தின் இதயம் பேராதனையிலும் ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் கன்னொருவையிலும் அமைந்தது. இன்றும் அங்கேதான்.

1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அது கொழும்பில்தான் இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாக் காடுகள் பெயராக மட்டும் மிஞ்சிய கறுவாத்தோட்டத்துப் பக்கத்தில். நிரந்தர இடம் கொழும்பா, கண்டியா என்ற சண்டை அதற்கு முன்னரே பல வருடங்களாக நடந்திருந்தது. முடிவு பேராதனைக்குச் சாதகமாக அமைந்து, பற்றிக் அபர்குரோம்பி வளாகத் திட்டத்தை வரைந்தார். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் காலத்தில், 1952 ஒக்டோபரில், பல்கலைக்கழகம் மலையேறியது. சுமார் 700 ஹெக்டேயர் நிலம், பெரும்பகுதி ஹந்தானைச் சரிவு. அந்த வாதங்களில் விவசாயம் முதன்மையாக இருக்கவில்லை. தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதே அடிப்படை. ஆனாலும் அதிகம் லாபம் பெற்றது விவசாய பீடம்தான். தாவரவியல் பூங்காவும் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தன. பட்டப்பின் படிப்புக்கான விவசாய நிறுவகம் 1975இல் அங்கேயே அமைந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

பேராதனைக்கும் குறை உண்டு. மலைநாட்டுச் சரிவு, நல்ல மழை, சிவந்த மண். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயம், வருட மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு, அதிலும் பெரும்பங்கு சில மாதங்களிலேயே கொட்டிவிடும். நெல்லும் மிளகாயும் வெங்காயமும் பயறும் அதிகம் விளைவது அங்கேதான். பேராதனையில் மட்டும் படித்து வெளியேறும் ஒருவர், ஓகஸ்ட் மாதத்து அநுராதபுர மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் பீடம் மீவத்துரவிலும் கண்டிக்கு அப்பால் தொடங்கொல்லவிலும் பரிசோதனை நிலையங்களை வைத்துக்கொண்டதோடு, உலர் வலயத்து மகா இலுப்பள்ளமவில் ஒரு துணை வளாகத்தையும் அமைத்து மாணவர்களை அங்கே தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பயிற்சிக் காலம் பட்டப்படிப்பின் மிக முக்கியமான பகுதி என்பது என் உறுதியான கருத்து.

மகா இலுப்பள்ளம மண்ணைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அங்குள்ள செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. முதல் மழை விழுந்து, மண் இளகி, இன்னும் சேறாகாத சில நாட்கள்தான் உழவுக்கு உகந்தவை. அதற்கு முன் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். பின் உழுதால் உழவு இயந்திரத்தின் சில்லுகள் அடிமண்ணை அழுத்தி இறுக்கிவிடும், வேர் இறங்காது. ஆகவே பரிசோதனைப் பண்ணைக்கு எத்தனை உழவு இயந்திரம் வேண்டும் என்பதை ஏக்கர் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சில நாட்களுக்குள் எல்லாத் தொகுதிகளையும் (பரிசோதனைக்காகப் பிரித்த வயற்பகுதிகளை) முடிக்க எத்தனை வேண்டும் என்றுதான் பார்க்கவேண்டும். ஒரு தொகுதியை இன்றும் அடுத்ததைப் பத்து நாள் கழித்தும் விதைத்தால், அறுவடையில் தெரியும் வித்தியாசம் இனத்தினாலா, உரத்தினாலா, பத்து நாளினாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதோடு சேர்ந்து ஒரு நிர்வாகச் சிக்கல். பெரும்போகம் ஒக்டோபர் மழையோடு தொடங்கும். பல்கலைக்கழக நாட்காட்டி மழையைப் பார்த்து எழுதப்படுவதில்லை. விதைக்கும் வாரத்தில் பரீட்சை, பூக்கும் வாரத்தில் விடுமுறை, அறுவடை வாரத்தில் வேலைநிறுத்தம் என்று வந்தால் அந்தப் போகமே வீண். நல்ல பீடங்கள் வயல் ஊழியர்களை நாட்காட்டிக்கு வெளியே வைத்திருக்கும், தரவு எடுக்கும் வேலையை விடுதியில் தங்கும் உதவியாளர்களிடம் ஒப்படைக்கும். வரவுசெலவில் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பதவிகள்தான். அது மிகத் தவறான இடத்தில் மிச்சம் பிடிப்பது.

உலர் வலய நிலத்தின் இன்னொரு இயல்பு: ஒரே சரிவில் மேலே நன்றாக நீர் வடியும் செங்கபில மண், நடுவில் அரைகுறையாக வடியும் மண், பள்ளத்தில் நீர் தேங்கும் சாம்பல் நிறக் களி. இருநூறு மீற்றர் நடந்தால் மூன்று மண். மேட்டில் பயறும் மிளகாயும், பள்ளத்தில் நெல்லும் என்று நம் முன்னோர் பிரித்ததன் காரணம் இதுதான். பரிசோதனைத் தொகுதிகளைச் சமவுயரக் கோட்டை ஒட்டிப் போடவேண்டும். ஒரு தொகுதிக்குள் இருக்கும் எல்லாத் துண்டுகளும் சரிவின் ஒரே மட்டத்தில் இருக்கும், மண்ணின் வேற்றுமை தொகுதிகளுக்கு இடையே போய்விடும். சரிவுக்கு நேராக மேலிருந்து கீழே ஒரு தொகுதியை நீட்டினால், மேல் துண்டு வாடும்போது கீழ்த் துண்டு நீரில் நிற்கும்.

புதிய வளாகம் அமைக்கும்போது நடக்கும் மிகப் பெரிய சேதம் கட்டட வேலையின் முதல் வாரத்தில் நடக்கிறது. நிலத்தைச் சமப்படுத்தச் சொல்லி பெக்கோவை உள்ளே விடுவார்கள். அது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளும். பார்வைக்கு அழகான சமதரை. உண்மையில் பாதி வயலில் மேல்மண் முழுக்கப் போய் அடிமண் வெளியே தெரிகிறது, மறுபாதியில் மேல்மண் இரட்டிப்பாகக் குவிந்திருக்கிறது. அடுத்த பல வருடங்களுக்கு அந்த வயலில் எந்தப் பரிசோதனை வைத்தாலும் அந்தக் கோடு விளைச்சலில் தெரியும்.

சரியான முறை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் மேல் 15 முதல் 20 சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் சுரண்டி ஓரத்தில் சேர்க்கவேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு 15 சென்ரிமீற்றர் என்றால் 1,500 கன மீற்றர் மண், அதை வைக்க இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்கவேண்டும். குவியல் இரண்டு மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. உயர்ந்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர்கள் மடியும். பிறகு அடிமண்ணைச் சமப்படுத்தி, சில்லுகள் இறுக்கிய படையை ஆழ உழுது உடைத்து, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பவேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இது இரட்டை வேலை. ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் செய்யமாட்டார். கட்டடப் பொறியியலாளர் வருவதற்கு முன் மண் விஞ்ஞானி நிலத்தில் நின்று, எந்தப் பகுதியில் இயந்திரமே கால் வைக்கக்கூடாது என்று கயிறு கட்டி ஒதுக்குவது இதைவிடச் சிறந்தது.

அதற்கும் முன்னால் மண் ஆய்வு. ஒவ்வொரு ஒரே மாதிரித் தோற்றமுள்ள பகுதியிலும் 15 முதல் 20 இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்து அரைக் கிலோவாகக் குறைக்கவேண்டும். வரம்பு, மரநிழல், பழைய எருக்குவியல், மாடு கட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். நாகம் பூசிய வாளியில் கலந்தால் நாகத்தின் அளவு பொய்யாக ஏறிவிடும். இதைவிட முக்கியமானது குழி. ஒன்றரை மீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரைப் பார்த்தால் கல் படை எங்கே, நீர் தேங்கும் தடயம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். ஆய்வுகூட அறிக்கை அதைச் சொல்லாது.

நிலம் தயாரானதும் உடனே பரிசோதனை தொடங்க எல்லோருக்கும் ஆசை. அதற்கு முன் குறைந்தது ஒரு போகம் முழு வயலிலும் ஒரே இனத்தை, ஒரே நாளில், ஒரே உரத்தோடு விதைத்து, அறுவடையில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் கட்டமாக வெட்டித் தனித்தனியே நிறுத்து, விளைச்சல் வரைபடம் போடவேண்டும். சலிப்பூட்டும் வேலை. ஒரு ஹெக்டேயருக்குப் பத்தாயிரம் பைகள். அந்த வரைபடம் கையில் இருந்தால், வயலின் எந்த மூலை எப்போதும் பின்தங்கும், துண்டுகளை எந்தத் திசையில் நீட்டவேண்டும், எத்தனை சதுர மீற்றர் துண்டு போதும் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாணவரும் தங்கள் ஆய்வுக் காலத்தில் அதே மோசமான மூலையைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

நெல்லுக்கு 3 மீற்றருக்கு 6 மீற்றர் துண்டு என்று வைத்துக்கொள்வோம். 20க்கு 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நாற்று நட்டால் 15 வரிசை, ஒவ்வொன்றிலும் 40 குத்து. ஓரச் செடிக்கு வெளிச்சமும் உரமும் அதிகம் கிடைக்கும், ஆகவே நான்கு பக்கமும் இரண்டிரண்டு வரிசையை ஒதுக்கவேண்டும். மிஞ்சுவது 11 வரிசை, வரிசைக்கு 36 குத்து, அதாவது 11.88 சதுர மீற்றர். அதில் 8 கிலோ நெல் வந்தது, ஈரப்பதன் 22 சதவீதம் என்றால், ஒப்பிடுவதற்கான பொது அளவான 14 சதவீதத்துக்குத் திருத்தவேண்டும்: 8ஐ 78ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 7.26 கிலோ. ஹெக்டேயருக்கு 6.1 தொன். திருத்தாமல் எழுதினால் 6.7 தொன். மழைநாளில் அறுத்த துண்டு வெயில் நாளில் அறுத்ததை வென்றுவிட்டதாக அறிக்கை எழுதப்படுவது இப்படித்தான்.

உரத்திலும் இதே கவனம். ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் என்றால் 217 கிலோ யூரியா. 18 சதுர மீற்றருக்கு 391 கிராம். மூன்று தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 130 கிராம். கடைத் தராசில் 20 கிராம் பிசகினால் 15 சதவீதம் பிழை. ஆய்வுகூடத் தராசில் நிறுத்து, காய்ந்த மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். வெவ்வேறு உர அளவுகள் உள்ள வயலில் ஒரு துண்டின் நீரை அடுத்த துண்டு வழியாக விடவே கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வாய்க்கால், இரண்டு வரம்பு, நடுவில் வடிகான். நண்டும் எலியும் வரம்பைத் துளைக்கும் என்பதால் பிளாஸ்ரிக் தாளை 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் செங்குத்தாகப் புதைப்பார்கள். புதைக்காத இடத்தில் உரமே போடாத துண்டும் பச்சைப் பசேலென்று நிற்கும்.

நீருக்கு வருவோம். உலர் வலயத்தில் பாறைக்கு மேலே உக்கிய மெல்லிய படையில்தான் நிலத்தடி நீர் இருக்கிறது. அகலமான கிணறு ஊற்றைப் பெருக்குவதில்லை, இரவில் ஊறுவதைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே. 6 மீற்றர் விட்டமுள்ள கிணற்றின் பரப்பு சுமார் 28 சதுர மீற்றர். இரவில் ஒரு மீற்றர் ஊறினால் 28,000 லீற்றர். ஒரு நாளில் பயிர் 5 மில்லிமீற்றர் நீர் குடித்தால் ஹெக்டேயருக்கு 50,000 லீற்றர். ஆக ஒரு கிணறு அரை ஹெக்டேயரைத்தான் தாங்கும், அதுவும் நீர் வீணாகாவிட்டால். கிணற்றைச் சோதிக்கும் மாதம் முக்கியம். ஜனவரியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஓகஸ்ட், செப்டெம்பரில் நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் இறைத்து, எவ்வளவு இறங்கியது, பழைய மட்டத்துக்கு எத்தனை மணி நேரத்தில் ஏறியது என்று எழுதினால்தான் உண்மை தெரியும்.

வானிலை நிலையத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மழைமானியிலிருந்து மரமும் கட்டடமும் அவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில், முடிந்தால் நான்கு மடங்கு தூரத்தில் இருக்கவேண்டும். தினமும் காலை 8.30க்கு அளக்கவேண்டும், ஞாயிறும் சேர்த்து. மரநடுகை விழாவில் யாரோ பிரமுகர் பக்கத்தில் ஒரு மருதமரத்தை நட்டுவிட்டால், பத்து வருடத்தில் அந்த நிலையத்தின் தரவு பயனற்றதாகிவிடும். அதை வெட்டச் சொல்ல எவருக்கும் துணிவும் வராது.

கிழக்குக்கு வந்தால் மண் முற்றிலும் வேறு. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமும் மட்டும். 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. வளாகம் இருப்பது கரையோர மணல் மண்ணில். மணல் நீரையும் பிடிக்காது, உரத்தையும் பிடிக்காது. பேராதனையில் ஒரே தடவையில் போடத்தக்க யூரியாவை இங்கே போட்டால் அடுத்த மழை கழுவிக் கிணற்றுக்குள் இறக்கிவிடும். சிறு சிறு பங்காக, அடிக்கடி, கூடவே சேதனப் பசளையும் சேர்த்து என்பதுதான் இந்த மண்ணின் விதி. அதனால்தான் அங்கு செய்யப்படும் சேதனப் பசளை, மூடாக்கு ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். கரையோரம் முழுவதும் இருக்கும் தோட்டக்காரருக்கு அவை நேராகப் பொருந்தும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்தில் இருந்தும் பீடத்துக்குக் கிளிநொச்சியைத் தேர்ந்தது சரியான தீர்மானம். குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்கு மேல் செம்மண், கிணற்றுப் பாசனம், சிறு தோட்டம். பெருநிலப்பரப்பில் இரணைமடுக் குளத்தின் கீழ் விரிந்த வயல், காடு, மேய்ச்சல் நிலம். மாணவர் இரண்டையும் தெரிந்திருக்கவேண்டும், ஆனால் பீடத்துக்கு இடம் தேவைப்பட்டது. போர் அந்தத் தீர்மானத்தைப் பல வருடங்களுக்குச் செயலற்றதாக்கியது. பீடம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கி, 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. கட்டடங்களுக்கு இந்திய அரசின் உதவியும் கிடைத்தது.

இடம்பெயர்வில் ஒரு விவசாய பீடம் இழப்பது மற்றப் பீடங்கள் இழப்பதைவிட வேறு வகையானது. நூல்களை மீண்டும் வாங்கலாம், நுணுக்குக்காட்டியை மீண்டும் வாங்கலாம். தொடர்ந்து எடுத்த மழைத் தரவில் விழுந்த ஓட்டையை எந்த நிதியாலும் அடைக்க முடியாது. பழ மரத் தோட்டத்துக்கு முதல் காய்ப்பே பல வருடம். மாட்டுப் பட்டியின் வம்சாவளிப் பதிவு அறுந்தால் இனவிருத்தி வேலை ஒன்றிலிருந்து தொடங்கும். திரும்பி வந்தபின் காடு மண்டிய நிலத்தை வெட்டுவதற்கு முன் வெடிபொருள் இல்லை என்ற உறுதி வேண்டும். பிறகு வேர் பிடுங்கல், வேலி, பன்றிக்கும் மயிலுக்கும் காவல். இவ்வளவுக்கும் பிறகுதான் மேலே சொன்ன மண்குழியும் விளைச்சல் வரைபடமும். இதையெல்லாம் தாண்டி அங்கே போகம் தவறாமல் பரிசோதனை வைக்கும் ஆசிரியர்களுக்கும் வயல் ஊழியர்களுக்கும் எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து விவசாயம் படிக்கப் போகும் பிள்ளை, விருப்பப் பட்டியலை வெட்டுப்புள்ளியை மட்டும் பார்த்து நிரப்பவேண்டாம். எந்த மண்ணில், எந்த மழையில் நான்கு வருடம் இருக்கப்போகிறேன் என்றும் பார்க்கட்டும். முடிந்தால் போய்ப் பாருங்கள். விரிவுரை மண்டபத்தைக் காட்டுவார்கள், வயலைக் காட்டச் சொல்லுங்கள். துண்டுகளில் பெயர்ப்பலகை இருக்கிறதா, நெல் உலர்த்தும் களம் இருக்கிறதா, விதை அறை குளிராக இருக்கிறதா என்று கவனியுங்கள். விதையின் ஈரப்பதன் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் அப்படியே. கதவு திறந்து கிடக்கும் விதை அறை அந்த வளாகத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். நெல் இனங்களின் பெயரை வாசிக்கவும் பழகலாம்: பிஜி என்றால் பத்தலகொட, ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. இலக்கம் 300 என்று தொடங்கினால் மூன்று மாதம், 350க்கு மேல் மூன்றரை, 400 என்றால் நான்கு. பிஜி 352 என்ற பெயரிலேயே அது பிறந்த நிலையமும் வயதும் இருக்கின்றன.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: வயல் பதிவேடு. ஒவ்வொரு துண்டுக்கும் எந்த வருடம் எந்தப் பயிர், எவ்வளவு உரம், எந்தக் களைகொல்லி, எங்கே சுண்ணாம்பு போட்டது, எங்கே குழாய் புதைத்தது என்ற வரைபடம். இது பண்ணை முகாமையாளரின் தலையில் மட்டும் இருந்தால் அவர் ஓய்வு பெறும் நாளில் அழிந்துவிடும். இரண்டு பிரதி வேண்டும், ஒன்று வளாகத்துக்கு வெளியே, நூலகத்தின் நிரந்தரப் பொருளாக. புதிய கட்டடத்துக்கு இடம் தேடும்போது குழு முதலில் பார்க்கவேண்டியது இந்த வரைபடத்தைத்தான். வீதிக்குப் பக்கத்தில், சமதரையாக, நீர் வசதியோடு இருப்பது எப்போதும் பரிசோதனை வயலே. ஆகவே கட்டடம் கேட்பவர்களின் கண்ணும் அங்கேதான் விழும். முப்பது வருடப் பதிவுள்ள ஒரு ஹெக்டேயரைக் கேட்டால், பீடச் சபை அதை மறுக்க எழுத்தில் ஒரு விதி இருக்கவேண்டும். இத்தனை வருடத்துக்கு மேல் தொடர் பதிவுள்ள நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாது, வாகனத் தரிப்பிடமும் முடியாது என்று. இன்னும் அப்படியொரு விதி இல்லாத பீடங்கள் அடுத்த கட்டட நிதி வருவதற்கு முன் அதை எழுதிக்கொள்ளட்டும்.